தொட்டிக்குக் கீழே தொட்டி

யாழ்ப்பாணத்திலும் வேலணை முதலிய தீவகத்து ஊர்களிலும், நுளம்புக் குடம்பிகளைத் தின்று ஒழிக்கட்டும் என்று வளவுக் கிணற்றில் விடப்படும் கப்பி மீன்கள், இரை போடுவாரும் நீர் மாற்றுவாரும் இன்றியே ஆண்டுக்கணக்காகக் குஞ்சு குருமான்களோடு சுகமே சீவித்து வருகின்றன. அக்கிணற்றிலிருந்தே பத்து மீன்களைப் பிடித்து, அக்கிணற்று நீரையே வடித்து நிரப்பிய கண்ணாடித் தொட்டியொன்றில் விட்டு, வேளை தவறாமல் இரையிட்டு, காற்றுக்குமிழும் ஊட்டிக் கண்ணுங் கருத்துமாய்ப் பராமரித்தாலோ, இரண்டாம் வாரத்திலோ மூன்றாம் வாரத்திலோ அவை ஒவ்வொன்றாக மேலே வந்து வாய்பிளந்து சாகின்றன. நீர் தெளிவாகவே இருக்கிறது; நாற்றம் இல்லை; நோயின் அடையாளமும் இல்லை. ஒரே நீரும் ஒரே மீனுமாக இருக்க, கிணற்றில் வாழ்ந்தது தொட்டியில் ஏன் மாள்கிறது? கடைக்காரர் 'சம்ப்' என்று சொல்லி விலை கூறுவதும், இக்கட்டுரையிலே கீழ்த்தொட்டி என்று வழங்கப்போவதுமான அந்த இரண்டாம் தொட்டியின் பிரயோசனம், இந்தக் கேள்விக்கு விடை கண்ட பிறகே விளங்கும். அதற்கு முன் அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் பணத்தைத் தண்ணீரில் விட்டவர்களே.

மீன் உண்ட புரதம் உடலிலே சிதைவதால் எஞ்சும் நைத்திரசன் கழிவு, பலரும் நினைப்பதற்கு மாறாக, பெரும்பாலும் செவுள்களின் வழியாக அமோனியா என்னும் பதார்த்தமாகவே வெளியேறுகிறது. தின்னாது மீந்த இரை அழுகும்போதும் அதுவே உண்டாகிறது. நீரிலே கலந்த அமோனியாவுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு: ஐதரசன் அயனொன்றைப் பற்றிக்கொண்டு ஓரளவு சாதுவாகிவிட்ட அமோனியம் ஒன்று, எதையும் பற்றாமல் தனித்து நின்று செவுளை ஊடுருவி இரத்தத்தில் கலக்கும் சுயாதீன அமோனியா மற்றொன்று. மீனைக் கொல்வது இரண்டாவது. நீர் நடுநிலையாக, அதாவது அதன் பீ.எச். எண் 7 ஆக இருக்கும்போது, 25 பாகை வெப்பத்தில், மொத்தத்தில் நூற்றுக்கு அரைப்பங்கு மட்டிலுமே இந்தக் கொல்லும் வடிவில் நிற்கும். அந்த எண் 8 ஆக உயர்ந்தால் நூற்றுக்கு ஐந்து பங்காகிவிடும். சுண்ணாம்புக்கற் பாறையின்மேல் அமைந்த நமது தீவுகளின் கிணற்று நீர் காரப்பக்கம் சாய்ந்தது. ஆகவே, மலைநாட்டு அருவி நீரில் மீனுக்கு இடையூறு செய்யாத அமோனியா, அதே அளவில் வேலணைத் தொட்டியொன்றில் விஷமாகிவிடக்கூடும்.

கிணற்றிலும் மீன் அமோனியாவை விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அது அங்கே எங்கே மறைகிறது என்பதை முதன்முதலில் வெளிப்படுத்திய பரிசோதனை மீனைப் பற்றியதன்று, சாக்கடையைப் பற்றியது. 1877 ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்து இரசாயன அறிஞர்களான சுலோசிங், மியூன்ஸ் என்னும் இருவர், நெருப்பிலே சுட்டெடுத்த மணலோடு சிறிது சுண்ணாம்புக்கல் தூளையும் கலந்து ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயில் நிரப்பி, அதன் மேல்வாயிலே சாக்கடை நீரைச் சிறுகச் சிறுக விட்டு, கீழ்வாயில் வடிவதைச் சோதித்து வந்தனர். ஏறத்தாழ இருபது நாள்வரை மேலே விட்ட அமோனியா கீழேயும் அமோனியாவாகவே வந்தது. அதன்பின் வடிநீரிலே நைத்திரேற்று என்னும் உப்பு தலைகாட்டி, நாளுக்கு நாள் பெருகி, ஈற்றில் அமோனியா முற்றாக மறைந்தது. மணலோ சுண்ணாம்போ தானாகச் செய்த இரசாயன மாற்றமாயின் அது முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும் அல்லவா? இருபது நாள் தாமதித்தது, ஏதோ உயிர் அங்கே குடியேறிப் பெருகுவதற்கு எடுத்த காலம் போலும் என்று ஐயுற்ற அவர்கள், குழாயினுள்ளே குளோரோபோம் ஆவியைச் செலுத்தினர். மாற்றம் நின்றது. ஆவியை நீக்கிய பின்னும் அது மீளவில்லை. மண்ணைக் கரைத்த நீரைச் சிறிது மேலே ஊற்றிய பின்னரே மீண்டும் நைத்திரேற்று வடியத் தொடங்கியது. மயக்க மருந்தால் முடங்குவதும் மண்ணிலிருந்து வித்தெடுத்துத் தளிர்ப்பதும் உயிருள்ள பொருளின் சுபாவமே என்ற அனுமானத்தை இதற்குமேல் மறுப்பதற்கு இடமில்லாமற் போயிற்று.

புதுத்தொட்டியில் மீன்கள் இரண்டாம் மூன்றாம் வாரத்தில் மாளுவதற்குக் காரணமும் இந்தத் தாமதமே. இரை விழத் தொடங்கிய நாள்முதல் அமோனியா ஏறிக்கொண்டே போகிறது. அதை உண்டு மாற்ற வேண்டிய சூக்கும உயிர்கள் இன்னும் போதிய அளவு பெருகவில்லை. நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்து மீன்களைச் சிறுகச் சிறுகச் சேர்ப்பதும், பழந்தொட்டியொன்றின் அழுக்குப் பஞ்சைக் கொணர்ந்து புதுத்தொட்டியில் போடுவதும் அனுபவசாலிகள் கைக்கொள்ளும் உபாயங்கள். பின்னதை அருவருப்பவர்கள், பாரிசிலே மண்நீரை ஊற்றிய அந்த அறிஞர்களை ஒருகணம் நினைத்துக்கொள்ளலாம்.

இதற்குப் பிந்திய சரித்திரத்திலே ஒரு விசித்திரமான குடும்ப உறவு உண்டு. 1850 இல் இலண்டனிலே தங்கமீனையும் நீர்ப்பூண்டையும் நத்தையையும் ஒரே கண்ணாடிக் கலத்தில் வைத்து, ஒன்றன் கழிவு மற்றொன்றுக்கு ஆகாரமாகும் என்ற சமநிலைத் தத்துவத்தை விளக்கி, வீட்டு மீன்தொட்டிக் கலைக்கு வித்திட்டவர்களில் ஒருவராகிய றொபேட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞரின் மகனும் அதே பெயருடையவர். இவர் றொதம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்திலே பிரெஞ்சுக்காரரின் முடிவை உறுதிசெய்ததோடு, அமோனியா முதலில் நைத்திரைற்று என்னும் இடைப்பொருளாகவும், பின்னர் வேறொரு வகை உயிரால் நைத்திரேற்றாகவும் இரு படிகளில் மாறுகிறது என்றும் கண்டார். ஆயினும் அவ்வுயிர்களைத் தனித்துப் பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை. அக்காலத்தவர் பற்றீரியாக்களை வளர்க்கக் கையாண்ட ஊட்டச்சத்து நிரம்பிய கூழிலே இவை வளர மறுத்தன. 1890 அளவில் சூரிச் நகரிலிருந்த விநோகிராட்ஸ்கி என்னும் ருசிய அறிஞர், உயிர்ப்பொருள் எதுவும் கலவாத வெறும் தாதுப்பு நீரிலே அவற்றை வளர்த்தெடுத்தார். அமோனியாவை எரித்துப் பெறும் சக்தியையே கொண்டு, ஒளியின் உதவியின்றி, கரைந்த காபனீரொட்சைட்டிலிருந்து தம் உடலைக் கட்டிக்கொள்ளும் உயிர்கள் உலகில் உண்டு என்ற ஆச்சரியம் அதனால் வெளிப்பட்டது. சாஸ்திரம் அத்தோடு முடிந்துவிடவுமில்லை. இரண்டாம் படியைச் செய்வது நைத்திரோபக்ரர் என்று நூற்றாண்டு காலமாகப் புத்தகங்கள் கூறிவந்திருக்க, வீட்டு மீன்தொட்டிகளிலே அதனைச் செய்வது பெரும்பாலும் நைத்திரோஸ்பைரா என்னும் வேறோர் இனமே என்று 1998 இல் தெரியவந்தது. இரண்டு படிகளையும் ஒரே உயிர் தனித்துச் செய்வதும் உண்டு என்று 2015 இல் இரண்டு ஆய்வுக்குழுவினர் ஒரே வேளையில் அறிவித்தனர். அவர்களில் ஒரு குழு அவ்வுயிரைக் கண்டெடுத்த இடம் மீன்வளர்ப்புத் தொட்டியொன்றின் வடிகட்டி.

இந்த உயிர்கள் நீரிலே மிதந்து திரிவதை விட, ஏதேனும் ஒரு பரப்பிலே ஒட்டிப் படலமாக வாழ்வதையே விரும்புவன. கிணற்றிலே கல்லின் துளைகளும் அடிச்சேறும் வேர்களும் ஆக அவற்றுக்கு இருப்பிடம் ஏராளம். நீரின் அளவும் அப்படியே: இரண்டு மீற்றர் விட்டமும் இரண்டு மீற்றர் நீராழமும் உடைய சிறு கிணற்றிலும் 6,000 லீற்றருக்கு மேல் நீர் நிற்கும். 90 சென்ரிமீற்றர் நீளமும் 40 அகலமும் 45 உயரமும் கொண்ட நமது கண்ணாடித் தொட்டியிலோ விளிம்புவரை நிரப்பினாலும் 162 லீற்றர்தான். உள்ளே இருப்பது வழவழப்பான கண்ணாடியும் ஒரு பிடி மணலும். ஆகவே குறைவாக உள்ளவை இரண்டு, நீரும் பரப்பும். தொட்டியைப் பெரிதாக்கினால் கூடத்திலே இடமில்லை; செங்கற் துண்டுகளையும் பஞ்சுகளையும் உள்ளே அடுக்கினால் பார்வைக்கு அழகில்லை. பார்வைக்கு வேண்டிய நீரை மேலேயும், பிழைப்புக்கு வேண்டிய நீரையும் பரப்பையும் மேசைக்குக் கீழே மறைவாகவும் வைத்து, இரண்டையும் ஓயாமல் கலக்கச் செய்வதே கீழ்த்தொட்டியின் தத்துவம்.

இத்தத்துவம் இன்று நேற்று வந்ததன்று. 1871 இல் இலண்டன் கிறிஸ்டல் பலஸ் வளாகத்திலே பொதுமக்களுக்கான மீன்காட்சிச் சாலையை அமைத்த வில்லியம் அல்போட் லொயிட் என்பவர், காட்சித் தொட்டிகள் கொள்ளும் நீரைப்போலப் பன்மடங்கு கடல்நீரை அவற்றின் கீழே இருண்டு குளிர்ந்த நிலவறைத் தேக்கமொன்றிலே நிறைத்து, அதை இரவும் பகலும் மேலேற்றியும் கீழிறக்கியும் சுழலவிட்டார். நீரை மாற்றாமலே அதன் குணம் கெடாமல் நெடுங்காலம் காக்கலாம் என்பதை அது பிரத்தியட்சமாகக் காட்டிற்று. நைத்திரேற்றுப் பற்றீரியாவின் இருப்பே நிச்சயமாகாத காலத்தில் அவர் இதைச் செய்தார் என்பதை எண்ணும்போது, கைத்திறனுள்ளவன் சிலவேளை சாஸ்திரத்தை முந்திவிடுகிறான் என்றே சொல்லத் தோன்றுகிறது.

இனி, இரண்டு தொட்டிகளும் எவ்வாறு இணைகின்றன என்பதைப் பார்ப்போம். முதன்முறை செய்பவர்களுக்கு எழும் பெரிய பயம், மேலே போகும் நீரும் கீழே வரும் நீரும் துல்லியமாகச் சமமாக இராவிட்டால் ஏதேனும் ஒரு தொட்டி வழிந்துவிடாதா என்பது. இரண்டு பம்பிகளை வைத்து ஒன்றை ஏற்றவும் மற்றதை இறக்கவும் விட்டால் அந்தப் பயம் நியாயமே. எந்த இரண்டு பம்பிகளும் என்றும் ஒத்து ஓடமாட்டா. அதனால் இறங்குவதற்குப் பம்பி வைப்பதில்லை. மாரி காலத்திலே வன்னியின் சிறு குளமொன்று வான் பாய்வதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எவ்வளவு வெள்ளம் வந்து சேர்ந்தாலும் நீர்மட்டம் வான்கட்டுக்கு மேலே சிறிது எழுந்து நிற்குமேயன்றிக் கட்டற்று ஏறாது. வரத்துக் கூடினால் வானின்மேல் பாயும் நீரின் தடிப்புக் கூடி, போக்கும் தானாகவே கூடிவிடும். வரத்து நின்றால் மட்டம் வான்கட்டின் உச்சிவரை இறங்கி அங்கேயே நின்றுவிடும். மேல்தொட்டியின் ஒரு மூலையில், நீர்மட்டம் எங்கே நிற்கவேண்டுமோ அந்த உயரத்தில், ஒரு கண்ணாடித் தடுப்பை ஒட்டி, அதற்குப் பின்னே துளையிட்டு எஸ்லோன் குழாயைக் கீழிறக்கிவிட்டால், அந்தத் தடுப்பே வான். கீழ்த்தொட்டியிலுள்ள ஒரே பம்பியே வரத்து. வானின்மேல் மெல்லிய படலமாக விழும்போது நீரின் மேல்தோலிலே படியும் எண்ணெய்ப் பசையும் தூசும் நீங்குகின்றன. காற்றோடு கலப்பதால் ஒட்சிசனும் கரைகிறது. மீனுக்கு மட்டுமல்ல, அமோனியாவை எரிக்கும் பற்றீரியாவுக்கும் ஒட்சிசன் நிறைய வேண்டும். வெப்பநாட்டு நீரிலே அது குறைவாகவே கரையும்.

கீழ்த்தொட்டி பொதுவாக மூன்று அறைகளாகப் பிரிக்கப்படும். நீர் விழும் முதல் அறையிலே கசடு பிடிக்கும் பஞ்சு, நடு அறையிலே பற்றீரியா குடியிருக்கும் பொருள், கடைசியில் பம்பி. நடு அறைக்கென்று கடைகளில் விற்கும் பீங்கான் வளையங்கள் நல்லவையே. ஆனால் கழுவிய செங்கற் சல்லியும் ஓட்டுத் துண்டும் பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்ரிக் வலையும் பற்றீரியாவுக்கு எவ்வகையிலும் தாழ்ந்த வீடுகள் அல்ல என்பது என் அபிப்பிராயம். சுண்ணாம்புக்கல் நமக்கு எளிதிற் கிடைப்பது. நைத்திரேற்று உண்டாகும்போது கூடவே அமிலமும் உண்டாவதால், அதை நடுநிலையாக்கச் சுண்ணாம்பு பயன்படும். பாரிஸ்காரர் தம் குழாயிலே சுண்ணாம்புத் தூள் கலந்ததும் வீணுக்கன்று. ஆனால் வேலணைக் கிணற்று நீரிலே அது ஏற்கனவே வேண்டியமட்டும் கரைந்திருக்கிறது. மேலும் கல்லை இட்டு என்ன பயன்?

கீழ்த்தொட்டி செய்யாத காரியமும் ஒன்றுண்டு. அமோனியாவை நைத்திரேற்றாக்குமே தவிர, நைத்திரேற்றை அது வெளியேற்றாது. அதற்குக் கிழமைதோறும் ஒரு பங்கு நீரை மாற்றவோ, முதல் அறையிலே மணிபிளான்ட் போன்ற செடியின் வேரைத் தொங்கவிடவோ வேண்டும். மாற்றும் நீரிலேயே நைத்திரேற்று இருந்தால் மாற்றியும் பலனில்லை. பசளையும் மலக்குழிக் கசிவும் மண்ணிலே இதே பற்றீரியாக்களால் நைத்திரேற்றாகிச் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளால் இறங்கிவிடுவதனால், குடாநாட்டின் தோட்டச் செய்கைப் பகுதிகளிலே பல கிணறுகள் குடிநீருக்கென உலக சுகாதார நிறுவனம் விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைக் கடந்திருப்பது ஆய்வுகளிலே பலகாலும் வெளிப்பட்ட விடயம். ஆதலால் தொட்டி நீரைச் சோதிக்கும் முன் கிணற்று நீரைச் சோதிப்பது முறை. வேலணையின் சாட்டிக் கிணறுகளின் நன்னீரைப் பவுசர் வண்டிகளில் எதிர்பார்த்திருக்கும் அயலூர்கள் உள்ள தீவிலே, மீனுக்காக அந்நீரை விரயம் செய்வது எனக்கு உவப்பாகத் தோன்றவில்லை. சவர்நீரையும் வன்னீரையும் பொறுக்கும் மொலியையும் கப்பியையும் வளர்த்து, கழிக்கும் நீரை வாழைக்கு விடலாம்.

சோளகக் காற்று வீசும் மாதங்களிலே நீர் ஆவியாகிக் குறையும். அப்போது மேல்தொட்டியின் மட்டம் அணுவளவும் இறங்காது. வான்கட்டின் உயரமே அதைத் தீர்மானிப்பதால், இரண்டு தொட்டிகளிலும் ஏற்பட்ட நட்டம் முழுவதும் பம்பி இருக்கும் கடைசி அறையிலேதான் தெரியும். மேலே எல்லாம் சரியாக இருக்கிறது என்று கவனியாது விட்டவருடைய பம்பி, ஒருநாள் காற்றை உறிஞ்சி எரிந்துபோகும். அவ்வறையின் கண்ணாடியிலே ஒரு கோடு கீறிவைத்து அதுவரை நாள்தோறும் நிரப்புதல் போதும். பம்பியின் பெட்டியிலே அச்சிட்ட அளவையும் அப்படியே நம்பலாகாது: மணிக்கு 1,500 லீற்றர், உச்ச உயரம் 2 மீற்றர் என்று எழுதியிருந்தால், அந்த 1,500 என்பது உயர்த்தவே வேண்டாத நிலையில் கிடைப்பது; 1.2 மீற்றர் உயரத்துக்கு ஏற்றும்போது ஏறத்தாழ 600 தான் மிஞ்சும். நமது தொட்டிக்கு அது போதியது.

மின்சாரம் நிற்கும்போது நடப்பதே எல்லாவற்றிலும் முக்கியமானது. 2022 ஆம் ஆண்டு பங்குனி மாதக் கடைசியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாட்டிலே இதை அபூர்வ சம்பவமென்று ஒதுக்கிவிட முடியாது. பம்பி நின்றதும் வான் வழியே இறங்குவது நின்றுவிடும். ஆனால் நீரேற்றும் குழாயின் வாய் மேல்தொட்டியிலே நீருள் அமிழ்ந்திருந்தால், நீர் அக்குழாய் வழியே எதிர்த்திசையில் இறங்கத் தொடங்கி, வாய் வெளிப்படும்வரை நிற்காது. நமது தொட்டியிலே ஒரு சென்ரிமீற்றர் ஆழம் என்பது 3.6 லீற்றர். வாய் மட்டத்துக்குக் கீழே 5 சென்ரிமீற்றரில் இருந்தால் 18 லீற்றரும், குழாய்களிலே நின்ற நீருமாகச் சுமார் 20 லீற்றர் கீழே வரும். கீழ்த்தொட்டி 60 நீளமும் 30 அகலமும் 35 உயரமும் உடையதாய், 20 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் நின்றால், மீதி 15 சென்ரிமீற்றரிலே 27 லீற்றருக்கு இடமிருக்கும், ஆபத்தில்லை. குழாய் வாயை அழகுக்காக 15 சென்ரிமீற்றர் தாழ்த்தி வைத்தவர் 54 லீற்றரை எதிர்பார்க்க வேண்டும். அதிலே பாதி தரைக்குத்தான். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளை இட்டால், மட்டம் அதுவரை இறங்கியதும் காற்றுப் புகுந்து ஓட்டம் அறும். பாசி அடைக்காமல் அத்துளையைக் குத்திவிட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒருவழி வால்வை மட்டும் நம்புவது உசிதமன்று; ஒரு நத்தைக் குஞ்சு இடையிலே சிக்கினால் போதும், அது மூடாது. மின்வெட்டுக் காலத்திலே கீழ்த்தொட்டிக்கு ஒரு நன்மையும் உண்டு: மூடிய குப்பி வடிகட்டிகளிலே நீர் அசையாது நின்று ஒட்சிசன் தீர்ந்து பற்றீரியா மாளும்போது, காற்றுக்குத் திறந்திருக்கும் இது சில மணி நேரம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும்.

எதிர்த்திசையில் வரும் வெள்ளமும் ஒன்றுண்டு. இறங்கு குழாயை இலையோ நத்தையோ அடைத்தால், பம்பி தன் அறையிலுள்ள நீர் முழுவதையும் மேலே தள்ளிவிடும். மேல்தொட்டியிலே வானுக்கு மேலே 3 சென்ரிமீற்றர் வெறுமை இருந்தால் ஏறத்தாழ 10 லீற்றரை அது தாங்கும். ஆகவே பம்பி அறையிலே உறிஞ்சக்கூடிய நீர் 9 லீற்றருக்கு மேற்படாதவாறு அவ்வறையைச் சிறிதாக அமைக்க வேண்டும். சிறிதானால் சோளகத்திலே விரைவில் வற்றும். பெரிதானால் அடைப்பின்போது வழியும். இந்த இழுபறியை அவரவர் வீட்டுக்கு ஏற்பத் தீர்க்கவேண்டியிருப்பதால்தான், ஆயத்தமாக விற்பதை வாங்குவதை விட அளந்து செய்விப்பதே மேல் என்பேன். கடையிலே வாங்கும் கீழ்த்தொட்டி வேறொருவருடைய மேல்தொட்டிக்குக் கணக்கிடப்பட்டதாக இருக்கும்; பெரும்பாலும் எதற்குமே கணக்கிடப்படாததாகவும் இருக்கும்.

செய்விப்பவர் கவனிக்க வேண்டியவை சில. பூஞ்சண மருந்து கலந்த குளியலறைச் சிலிக்கன் மீனுக்கு ஆகாது. கடும்பதமிட்ட கண்ணாடியிலே துளையிட முயன்றால் அது முழுவதும் நொறுங்கிவிடும்; துளை வேண்டுமாயின் சாதாரணக் கண்ணாடியே எடுக்க வேண்டும். இரண்டு தொட்டி நீருமாக இருநூறு கிலோவை எட்டும் பாரத்தைத் தாங்கும் மேசை மரத்தாலாயதாக இருப்பது நல்லது, கடலோரத்து உப்புக்காற்றிலே இரும்புக் கால்கள் உள்ளிருந்து அரித்துப் போவதால். மீன் விடுவதற்கு முன், நீர் நிரப்பிப் பம்பியை ஓடவிட்டு, வீட்டின் பிரதான மின்விசையை வேண்டுமென்றே நிறுத்தி, கீழ்த்தொட்டியிலே நீர் எங்கே வந்து நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பம்பியை மீண்டும் ஓட்டி, இறங்கு குழாயின் வாயைத் துணியால் அடைத்து, மேலே எவ்வளவு ஏறுகிறது என்றும் பாருங்கள். அவ்வேளை ஒரு வாளியும் சாக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.